பம்ப் வீட்டுக்குப் பின்னால் புல்

போத்தோங் பாசிர், சிங்கப்பூர்
18 மே 1963

அன்புள்ள அண்ணனுக்கு,

பூவம்மா எழுதுகிறேன். நீங்களும் மங்களம் அண்ணியும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறீர்களா? இங்கே நாங்கள் இருவரும் சுகம்.

சிங்கப்பூரில் மழை இல்லை என்று எழுதினால் சிரிப்பீர்கள். ஆனால் அதுதான் நிலைமை. குழாயில் முறை வைத்துத் தண்ணீர் விடுகிறார்கள். எங்கள் கம்பத்துக்கு, அதாவது இந்தக் குடியிருப்பு முழுவதுக்கும், ஒரே பொதுக்குழாய். வீடுகளுக்குப் பிடித்ததுபோக மிஞ்சினால்தான் மாட்டுக்கு. ரோட்டோரமும் கல்லறைத் தோட்டத்து ஓரமும் அறுத்துவந்த புல் கருகிவிட்டது. தவிட்டையும் பிண்ணாக்கையும் மட்டும் போட்டு மாட்டைக் காப்பாற்ற முடியவில்லை.

போன வாரம் அவர் இரண்டு மாடுகளை விற்றுவிட்டார். வாங்கியவன் பால்காரன் இல்லை, இறைச்சிக்கு வாங்குகிறவன். நான் தேக்காக் கடைத்தெருவுக்குப் பால் கொடுக்கப் போயிருந்தபோது லாரி வந்து போய்விட்டது. மீதி ஆறு நிற்கின்றன. அவற்றையும் தீபாவளிக்குள் தள்ளிவிடலாம் என்கிறார்.

ஊர்ச் சாக்கடைத் தண்ணீரைத் தெளியவைத்து முனிசிபாலிட்டியில் புல் வளர்ப்பதாகவும், அந்தப் பண்ணைக்கு உங்களை மேஸ்திரியாகப் போட்டிருப்பதாகவும் முன்பு எழுதினீர்கள். அன்றைக்கு அதை நான் அக்கறையாகப் படிக்கவில்லை. எப்படிச் செய்கிறீர்கள் என்று இப்போது விவரமாக எழுதுங்கள். எங்கள் கொட்டகைக்குச் சற்றுத் தள்ளி ஆற்றங்கரையில் கழிவுநீர் நிலையம் ஒன்று இருக்கிறது. சுத்தம் செய்த தண்ணீர் பகல் முழுக்க ஆற்றில் விழுந்துகொண்டிருக்கிறது. அந்தச் சத்தம் இங்கே உட்கார்ந்திருக்கும்போதும் கேட்கிறது.

அண்ணிக்கு என் அன்பு.

தங்கை,
பூவம்மா


முனிசிபல் புல் பண்ணை
இராமநாதபுரம் ஜில்லா
9 ஜூன் 1963

அன்புத் தங்கை பூவம்மாவுக்கு,

உன் கடிதம் வந்தது. அண்ணிக்கு மட்டும் கால்வலி, மற்றபடி குறையில்லை. மாப்பிள்ளையின் உடம்பைக் கவனித்துக்கொள். மாட்டை விற்றவர்மேல் கோபப்படாதே. தீனி இல்லாத மாட்டைப் பார்த்துக்கொண்டு நிற்பது எல்லோராலும் முடிகிற காரியம் இல்லை.

கேட்ட விஷயத்துக்கு வருகிறேன். இங்கே ஊர்த் தண்ணீரைப் பெரிய தொட்டிகளில் நிறுத்திக் கசடை அடியில் தங்கவிடுகிறோம். மேலே தெளிந்ததைக் குளத்தில் பல நாள் வெயிலில் கிடத்திவிட்டு, பிறகு வாய்க்காலில் விடுகிறோம். உங்கள் ஊரில் இதையெல்லாம் இயந்திரமே செய்துவிடும். கினியாப் புல் போடு. பழைய தூரைப் பிரித்து வேரோடு நட்டால் பிடித்துக்கொள்ளும். இங்கே ஆடிக் காற்றில் தாலுகாவே சுண்ணாம்பு நிறத்தில் கிடக்கும்போது எங்கள் பண்ணை மட்டும் பச்சையாக நிற்கும். தூரத்துக் கிராமங்களிலிருந்து வண்டி கட்டி வந்து வாங்கிப்போகிறார்கள்.

இரண்டு விஷயத்தில் மட்டும் கண்டிப்பாக இரு. தண்ணீர் பாய்ச்சிய ஈரத்தோடு அறுக்காதே. நிலம் காய்ந்த பிறகு அறுத்து, அறுத்ததையும் வெயிலில் பரப்பி வாடவைத்துப் போடு. இல்லாவிட்டால் மாட்டுக்குக் குடலில் புழு வரும். அடுத்தது, அந்தத் தண்ணீரில் கீரை, காய்கறி எதுவும் போடாதே. மனிதர் வாய்க்கு நேராகப் போகும் எதுவும் வேண்டாம்.

எதையும் மாப்பிள்ளையிடம் கலந்து பேசிச் செய். அவர் அனுபவசாலி.

அன்பு அண்ணன்,
மருதப்பன்


போத்தோங் பாசிர்
21 ஜூலை 1963

அன்புள்ள அண்ணனுக்கு,

அண்ணியின் கால்வலிக்கு இத்துடன் வரும் ஆள் கையில் தைலம் இரண்டு புட்டி கொடுத்திருக்கிறேன். இங்கே அவரும் நானும் நலம்.

நீங்கள் எழுதியபடியே ஆரம்பித்தாகிவிட்டது. நிலையத்துப் பம்ப் வீட்டில் அப்துல் கையூம் என்று ஒருவர் வேலை பார்க்கிறார். அவரிடம் கேட்டபோது, "ஆத்துக்குப் போற தண்ணிதானேம்மா, நான் பெரியவர்கிட்டக் கேட்டுச் சொல்றேன்லா" என்றார். நிலையத்துப் பெரிய அதிகாரியும் வந்து பார்த்துவிட்டு, பம்ப் வீட்டுக்குப் பின்னால் சும்மா கிடக்கும் மேட்டில் போட்டுக்கொள்ளலாம், நிலையத்து வேலி பக்கம் வரக்கூடாது என்று சொல்லிவிட்டார். உங்கள் மாப்பிள்ளையே வாய்க்கால் வெட்டினார். புக்கிட் தீமா பக்கத்துப் பண்ணை ஒன்றிலிருந்து புல் தூர் கொண்டுவந்து அவர்தான் நட்டார். மண் இறுகிக் கிடந்ததால் சிரமப்பட்டார். ஈரத்திலேயே நின்று அவருக்குக் காலில் சேற்றுப்புண் வந்துவிட்டது. மற்றபடி ஒன்றுமில்லை.

தூர்கள் பிடித்துக்கொண்டன. சில இடத்தில் விரல் உயரம் குருத்து விட்டிருக்கிறது.

உங்கள் அன்புள்ள,
பூவம்மா


கேலாங், சிங்கப்பூர்
11 ஆகஸ்ட் 1963

மதிப்பிற்குரிய மச்சான் அவர்களுக்கு,

தங்கராஜு எழுதுவது. தாங்களும் குடும்பத்தாரும் நன்றாக இருக்க வேண்டுகிறேன்.

மேலே உள்ள விலாசத்தைப் பார்த்ததும் உங்களுக்குப் புரிந்திருக்கும். நான் இப்போது கேலாங்கில் ஒரு மரப்பட்டறையில் ஜாகாவாக, காவல் வேலையில் இருக்கிறேன். படுக்கை இங்கேயே. ஜூன் கடைசியில் வீட்டை விட்டு வந்தேன். உங்கள் தங்கை இதை உங்களுக்கு எழுதியிருக்கமாட்டாள்.

சண்டை ஒன்றும் பெரிதாக இல்லை. சாக்கடைத் தண்ணீரில் புல் போடுவதானால் நான் இந்த வீட்டில் இருக்க மாட்டேன் என்றேன். "இருக்கிற ஆறு மாட்டையும் லாரில ஏத்தறத நான் பாத்துக்கிட்டு நிக்க மாட்டேன்" என்றாள். அவ்வளவுதான்.

சிராங்கூன் ரோட்டில் இருபது வருஷமாகப் பால் ஊற்றியவன் நான். ஒரு வீட்டில்கூட யாரும் பாலை மோந்து பார்த்து வாங்கியதில்லை. என் கையிலிருந்து வந்தால் போதும் என்று பாத்திரத்தை நீட்டுவார்கள். மாட்டை விற்றது பாவம் என்கிறாள். பட்டினி போட்டுக் கொல்வது மட்டும் புண்ணியமா? ஊர் மனிதரின் கழிவில் வளர்ந்ததைத் தின்ற மாட்டின் பாலை, அது என்ன பால் என்று சொல்லாமல், ஒரு குழந்தை இருக்கும் வீட்டில் நான் எப்படி ஊற்றுவேன்?

யோசனை கொடுத்தவர் நீங்கள். ஆகவே உங்களுக்கு எழுதுகிறேன். அவளுக்குக் கெடுதல் வேண்டும் என்று எழுதவில்லை.

தங்கள்,
தங்கராஜு


புல் பண்ணை
7 செப்டம்பர் 1963

அன்புத் தங்கை பூவம்மாவுக்கு,

தைலம் கிடைத்தது. அண்ணி இப்போது கோயில்வரை நடந்து போய்வருகிறாள்.

குருத்து விட்டதில் மகிழ்ச்சி. களை எடுத்தபின் கையை நன்றாகச் சோப்புப் போட்டுக் கழுவு. சேற்றுப்புண்ணுக்கு வேப்பெண்ணெயில் மஞ்சள் குழைத்து இரவில் போட்டுக்கொள். வெறுங்காலோடு தண்ணீரில் நிற்காதே. ரப்பர் பூட்ஸ் வாங்கு, உன் அளவுக்குப் பார்த்து வாங்கு.

வாய்க்கால் வெட்டும்போது ஒரே நாளில் முடிக்க வேண்டும் என்றில்லை. மேட்டை மெல்லச் சரிசெய்தால் போதும். அப்துல் கையூமுக்கு என் வணக்கத்தைச் சொல்.

இதற்கு மேல் எழுத ஒன்றும் தோன்றவில்லை. எது வேண்டுமென்றாலும் எனக்கு எழுது.

அண்ணன்,
மருதப்பன்


போத்தோங் பாசிர்
16 நவம்பர் 1963

அன்புள்ள அண்ணனுக்கு,

பதில் எழுதத் தாமதமாகிவிட்டது. பூட்ஸ் வாங்கினேன். தேக்காவில் என் காலுக்குச் சிறிய அளவு கிடைக்கவில்லை. உள்ளே துணி சுற்றிப் போட்டுக்கொள்கிறேன். புண் ஆறிவிட்டது.

புல் இடுப்பளவு வந்துவிட்டது. அக்டோபரில் முதல் அறுப்பு. நீங்கள் சொன்னபடி நிலம் காய்ந்த பிறகு அறுத்து, கொட்டகைக் கூரைமேல் பரப்பி வாடவைத்தேன். முதல் நாள் மாடுகள் மோந்து பார்த்துவிட்டுத் தள்ளிவிட்டன. நான் அன்றைக்குச் சோறு உண்ணவில்லை. மறுநாள் செவலைதான் முதலில் வாய் வைத்தது. இப்போது ஆறும் தின்கின்றன. பால் பழையபடி சுரக்கிறது. மேட்டில் இன்னொரு துண்டும் நட்டிருக்கிறேன்.

சைக்கிளில் பாலை நானே கொண்டுபோகிறேன். சிராங்கூன் ரோட்டுக்காரர்களும் டீக்கடைக் காதர் மைதீன் பாயும், "மாமா எங்கே, காணோமே?" என்று அவரைப் பற்றிக் கேட்கிறார்கள். கேலாங் பக்கம் வேலை என்று சொல்லிவைத்திருக்கிறேன். புல்லைப் பற்றி யாரும் கேட்கவில்லை.

நாங்கள் மலேசியா ஆகிவிட்டோம் என்று பத்திரிகையில் பார்த்திருப்பீர்கள். கொட்டகையில் எந்த மாற்றமும் இல்லை.

பூவம்மா


புல் பண்ணை
8 டிசம்பர் 1963

அன்புத் தங்கைக்கு,

நாங்கள் சுகம். செவலை வாய் வைத்ததைப் படித்துவிட்டு அண்ணி அடுப்பங்கரையிலிருந்து வந்து மறுபடி ஒருமுறை படிக்கச் சொன்னாள்.

ஒன்று சொல்கிறேன், கோபித்துக்கொள்ளாதே. எங்கள் பண்ணை வாசலில் இது எந்தத் தண்ணீரில் வளர்ந்த புல் என்று பலகை எழுதி வைத்திருக்கிறோம். முதல் வருஷம் ஒரு வண்டிகூட வரவில்லை. பிறகு வந்தார்கள். பால் வாங்குகிறவர்கள் கேட்கவில்லை என்று நீ சும்மா இருக்காதே. நீயே போய்ச் சொல். சொன்னால் பாதிப் பேர் போய்விடுவார்கள். வேறொருவர் சொல்லி அவர்களுக்குத் தெரிந்தால் உன் முகத்தில் யாரும் விழிக்கமாட்டார்கள். மாப்பிள்ளையின் பெயரும் அதில் இருக்கிறது.

மருதப்பன்


போத்தோங் பாசிர்
26 ஜனவரி 1964

அன்புள்ள அண்ணனுக்கு,

பொங்கல் வைத்தேன். மாடுகளுக்கு மாலை போட்டேன். மழை வந்துவிட்டது. உடம்பு நன்றாக இருக்கிறது.

நீங்கள் எழுதியதைப் பல நாள் மனத்தில் வைத்துக்கொண்டிருந்தேன். பிறகு சொல்லிவிட்டேன். முதலில் காதர் மைதீன் பாயிடம்.

"பாய், ஒரு விஷயம். மாடு திங்கிற புல்லு கழிவுத் தண்ணில வளர்ந்தது."

டீ ஆற்றிக்கொண்டிருந்த கை நின்றது. "எந்தக் கழிவு?"

"ஊர்க் கழிவுதான். சுத்தம் பண்ணி ஆத்துல விடறாங்களே, அந்தத் தண்ணி. நான் காய வச்சுத்தான் போடறேன்."

"எத்தனை நாளா?"

"அக்டோபர்லேர்ந்து."

"அப்ப இத்தனை நாளா நான் அதைத்தான் ஊத்திக்கிட்டு இருந்தேனா?" கடையில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவர் குரலை இறக்கினார். "இது மாமாவுக்குத் தெரியுமா?"

"தெரியும். அதனாலதான் அவர் வர்றதில்லை."

அவர் கையிலிருந்த டீயைக் கீழே வைத்தார். "நாளைக்குக் கொண்டு வராதேம்மா. நான் பள்ளிவாசல் ஆலிம்சாகிட்டக் கேட்டுட்டுச் சொல்லி அனுப்பறேன்" என்றார்.

சிராங்கூன் ரோட்டில் வீடு வீடாகச் சொன்னேன். பெரும்பாலோர் நின்றுவிட்டார்கள். ஒரு வீட்டில் நான் இன்னும் பேசிக்கொண்டிருக்கும்போதே கதவைச் சாத்தினார்கள். பதுருன்னிசா என்று ஓர் அம்மா, வயதான மாமியாருக்காகப் பால் வாங்குகிறவர், "காய்ச்சித்தானே குடிக்கிறோம், நீ ஊத்திட்டுப் போ" என்று பாத்திரத்தை நீட்டினார். மிஞ்சிய பாலைத் தயிராக்கிக் கம்பத்தில் விற்றேன். விற்காததைக் கன்றுகளுக்கே விட்டேன்.

காதர் மைதீன் பாய் பிறகு ஆள் அனுப்பினார். பாலில் வாடையோ ருசி மாற்றமோ இல்லையென்றால் தடையில்லை என்று ஆலிம்சா சொன்னாராம். மோந்து பார்த்து, ஒரு வாய் குடித்தும் பார்த்துவிட்டுத்தான் வாங்கினார். இப்போது தினமும் மோந்து பார்க்கிறார்.

மேலே எழுதியதைத் திரும்பப் படித்தேன். அவர் வருவதில்லை என்று பாயிடம் சொன்னதை உங்களுக்கும் எழுதியிருக்கிறேன். அந்த வரியை அடித்துவிடப் போவதில்லை.

பூவம்மா


கேலாங்
15 மார்ச் 1964

மதிப்பிற்குரிய மச்சான் அவர்களுக்கு,

நலம். தங்கள் நலம் அறிய எழுதுகிறேன்.

மழை நன்றாகப் பெய்து தண்ணீர்க் கட்டுப்பாட்டையும் எடுத்துவிட்டார்கள். ரோட்டோரம் எங்கு பார்த்தாலும் புல். ஆகவே போன ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்குப் போனேன். மாடுகள் நல்ல நிலையில் இருக்கின்றன, அதை மறைக்கவில்லை. வீடு வீடாகச் சொல்லிவிட்டாள் என்பதையும் தேக்காவில் கேள்விப்பட்டேன். என் பெயரைப் பலர் பலவிதமாகப் பேசுகிறார்கள். இருந்தாலும் சொன்னது சரிதான்.

"பஞ்சம் போயிடுச்சு. இனி எதுக்கு அந்தப் புல்லு? பிடுங்கிப் போடு. நாளைக்கே பாயைச் சுருட்டிக்கிட்டு வந்திடறேன்" என்றேன்.

"மழை நின்னா?"

"நின்னா அப்பப் பாத்துக்கலாம்."

"அப்பவும் லாரிதான் வரும்" என்றாள். "நீங்க வாங்க. உங்க வீடு இது. ஆனா புல்லைப் பிடுங்க மாட்டேன்."

பஞ்சத்துக்காகச் செய்தாள் என்றால் எனக்கு விளங்கும். பஞ்சம் போன பிறகும் புருஷனைவிடப் புல் பெரிது என்றால் அது எனக்கு விளங்கவில்லை. நீங்கள் மூத்தவர். நீங்கள் ஒரு வரி எழுதினால் பிடுங்கிவிடுவாள். எழுதுங்கள்.

தங்கராஜு


புல் பண்ணை
12 ஏப்ரல் 1964

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

மருதப்பன் எழுதுவது. உங்கள் உடல்நலம் பற்றி மங்களம் தனியாகக் கேட்கச் சொன்னாள். பட்டறையில் கொசு அதிகம் இருக்கும், வலை கட்டிக்கொள்ளுங்கள்.

நீங்கள் கேட்ட வரியை நான் எழுதமாட்டேன்.

கல்யாண வீடுகளில் என்னைக் கடைசிப் பந்தியில் உட்கார வைக்கிறார்கள். என்ன வேலை பார்க்கிறேன் என்பதால்தான். ஆகவே நீங்கள் அருவருப்பாக நினைப்பதை நான் தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை. அந்த நாற்றத்தோடுதான் நான் சம்பளம் வாங்குகிறேன். ஆனால் லாரி வந்த அன்று நீங்கள் ஒரு முடிவு எடுத்தீர்கள், அவளைக் கேட்கவில்லை. இந்தப் புல் அவள் எடுத்த முடிவு. அவள் உங்களைக் கேட்டாள், நீங்கள் வெளியேறினீர்கள். தனியாக வெட்டினாள், தனியாக நட்டாள். அதையெல்லாம் நீங்கள் செய்ததாகத்தான் எனக்கு எழுதினாள். அந்தக் கடிதத்தைப் படித்தபோது நான் உங்களை மெச்சிக்கொண்டேன்.

அதைப் பிடுங்கு என்று சொல்ல எனக்கு வாய் வராது. பிடுங்காதே என்றும் நான் அவளுக்கு எழுதவில்லை.

உங்கள்,
மருதப்பன்


புல் பண்ணை
27 ஜூலை 1964

தங்கைக்கு,

சிங்கப்பூரில் கலவரம், ஊரடங்கு என்று பத்திரிகையில் போட்டிருக்கிறார்கள். கேலாங் பெயரும் வந்திருக்கிறது. நீ எப்படி இருக்கிறாய்? மாப்பிள்ளை எப்படி இருக்கிறார்? தபால் வருமோ வராதோ தெரியவில்லை. ஒரு வரி போதும், உடனே எழுது.

மருதப்பன்


போத்தோங் பாசிர்
9 ஆகஸ்ட் 1964

அன்புள்ள அண்ணனுக்கு,

உயிருக்கு ஒன்றுமில்லை. இரண்டு பேருக்கும் இல்லை. அதை முதலில் எழுதிவிடுகிறேன்.

போலீஸ் வண்டியில் ஒலிபெருக்கி வைத்துச் சொல்லிக்கொண்டு போனார்கள். யாரும் வெளியே வரக்கூடாது. தேக்காவுக்குப் போக வழியில்லை. தவிட்டு லாரியும் வரவில்லை. கேலாங்கில் கடைகள் எரிவதாக வானொலிப் பெட்டி வைத்திருந்தவர்கள் சொன்னார்கள். யாரிடம் போய் என்ன கேட்பது? மாட்டுக்கு ஊரடங்கு தெரியாது. காலையும் மாலையும் கறந்தேன். கொட்டகையிலிருந்து மேட்டுக்குப் போகும் பாதை வீடுகளுக்குப் பின்னால்தான் போகிறது. வெளியே விட்ட நேரத்தில் ஓடிப்போய் அறுத்துவந்தேன்.

கடை இல்லாததால் கம்பத்தில் டப்பாப் பால் தீர்ந்துவிட்டது. முதலில் வந்தவள் கீரைத் தோட்டத்துச் சீனப் பெண். என் புல் மேட்டைத் தாண்டும்போதெல்லாம் மூக்கைப் பொத்திக்கொண்டு போகிறவள். இடுப்பில் குழந்தை, கையில் காலி டப்பா. நான் மேட்டைக் காட்டினேன். "தாவு, தாவு" என்று மலாயில் சொன்னாள், தெரியும், தெரியும் என்று. டப்பாவை நீட்டினாள். கொதிக்கவைக்கச் சொல்லி ஊற்றினேன். அதன்பின் வேலி ஓரமாக ஒவ்வொருவராக வந்தார்கள்.

சில மணி நேரம் ஊரடங்கைத் தளர்த்திய ஒரு நாள் அவர் வந்தார். பஸ் இல்லை. கேலாங்கிலிருந்து நடந்தே வந்திருக்கிறார். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. வாசலில் ஏனங்களோடு நின்றவர்களைத் தாண்டி உள்ளே வந்து என்னைப் பார்த்தார்.

"நல்லாருக்கியா?"

"இருக்கேன்."

"நாலு நாளா ஒண்ணுமே தெரியலை." தூணைப் பிடித்துக்கொண்டு நின்றார். தண்ணீர் கொடுத்தேன். குடித்துவிட்டு மாடுகளைப் பார்த்தார்.

"தவிடு வந்துச்சா?"

"இல்லை."

"அப்ப வெறும் புல்லுதானா?"

"அதான்."

வெளியே நின்றவர்களில் ஒரு கிழவர் டப்பாவைத் தட்டினார். இவர் திரும்பி அந்த வரிசையைப் பார்த்தார். எல்லோரும் நாங்கள் பல வருஷமாகப் பார்க்கிற முகங்கள்தான். பிறகு என்னிடம், "அரிவாள் எங்க வச்சிருக்கே?" என்று கேட்டார்.

"கூரைல சொருகியிருக்கு."

எடுத்துக்கொண்டு இரண்டடி போனவர் நின்றார். "எந்தப் பக்கம் தண்ணி விட்டிருக்கே?"

"கீழ்ப் பக்கம் ஈரம். மேல்பக்கத்தை அறுங்க."

நான் பால் ஊற்றி முடிப்பதற்குள் இரண்டு கட்டு கொண்டுவந்து போட்டார். வாடவைக்க எங்கே பரப்ப வேண்டும் என்று நான் சொல்லவில்லை. அவரே ஏணியை இழுத்துக் கூரையில் சாத்தினார்.

அன்றைக்கு அவர் திரும்பிப் போகவில்லை. நேரம் ஆகிவிட்டது, போனால் பிடித்துவிடுவார்கள் என்றார். இப்போது எல்லாம் சரியாகி பஸ் ஓடுகிறது. பட்டறைக்காரருக்கு ஆள் மூலம் சொல்லி அனுப்பி, பாயையும் பெட்டியையும் எடுத்துவரச் செய்திருக்கிறார். நேற்று காதர் மைதீன் பாய் கடைக்கு அவரே பால் கொண்டுபோனார். பாய் மோந்து பார்த்தபோது கையைக் கட்டிக்கொண்டு நின்றாராம்.

பால் மட்டும் அவருக்கு இன்னும் இறங்கவில்லை. காலையில் எழுந்ததும் கோப்பி ஓ கேட்கிறார். பால் இல்லாமல், சீனி கூட்டி. போட்டுக் கொடுக்கிறேன்.

அண்ணியிடம் சொல்லுங்கள்.

பூவம்மா